மூணு காலேஜும் ஒரு சந்தேகமும்

திண்டிவனத்தில் எங்கள் காலேஜும் வேறு இரண்டு காலேஜ்களும் ஒரே ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருந்தோம். பல கம்ப்யூட்டர்கள் ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்வது எப்படி என்று சென்னைப் பேராசிரியர் திரையில் நடத்திக்கொண்டிருந்தார். அது முடிக்கட்டும் என்று இதுவும், இது முடிக்கட்டும் என்று அதுவும் காத்திருந்தால் மொத்தமும் நின்றுவிடுமாம். எனக்கு மண்டையில் ஏறவேயில்லை.

“சந்தேகம் இருக்கா?”

பசங்க பொண்ணுங்களான எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் முதல் பெஞ்சைப் பார்த்தோம். முதல் பெஞ்சு திரையில் தெரிந்த மற்ற காலேஜ்களைப் பார்த்தது. அவர்களோ எங்களையே பார்த்தார்கள். பேஜாராகி மைக்கைப் பிடுங்கினேன்.

“சார், இங்க யாருக்கும் புரியல. அடுத்தவங்க கேக்கட்டும்னு எல்லாரும் உக்காந்துகினு இருக்கோம்.”

அவர் சிரித்துவிட்டார்.

“இதைத்தாம்மா இவ்வளவு நேரமா நடத்தினேன்.”