திறக்கும்போதெல்லாம் டிங்

தம்பி பல் டாக்டர். அக்கா இருபது வருடம் வீட்டைக் கட்டி மேய்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் படித்து ப்ரோகிராமர் ஆனவள். அவளுக்கு முதல் வேலையைத் தம்பிதான் கொடுத்தான்: கிளினிக்கில் காத்திருப்பவர்களை எண் சொல்லிக் கூப்பிடும் வெப் பக்கம். அதில்தான் அவளுக்கு உறுத்தல். திறமையைப் பார்த்துக் கொடுத்தானா, ஐயோ பாவம் என்று கொடுத்தானா? எதைக் கேட்டாலும், "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்க்கா" என்பான். குறையே சொல்லாத முதலாளியை எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்?

அன்று காலை கிளினிக்கின் பின்னறையில், பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவே லேப்டாப்போடு உட்கார்ந்தாள். டாக்டர் பார்க்கும் பக்கத்தில் எண்ணைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். பட்டன், எழுத்து எல்லாவற்றையும் மவுஸால் இழுத்து வைக்க டிசைனர் என்று ஒரு மென்பொருள் உண்டு. அதில் பக்கத்தைத் திறந்தாள். எண் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம். 'இந்தப் பாகத்தைக் காட்ட இயலவில்லை' என்றது.

மூடித் திறந்தாள். அதே கட்டம். லேப்டாப்பை அணைத்துவிட்டுப் போட்டாள். அதே கட்டம். ஒன்பது தடவை திறந்திருப்பாள். கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையவில்லை. வெளியே மட்டும் எண் கூப்பிடும் மணி டிங், டிங் என்று அடித்துக்கொண்டிருந்தது. தம்பி இன்றைக்கு என்ன வேகம் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டாள்.

கதவு படாரென்று திறந்தது. கையுறையோடு தம்பி நின்றான். மூக்குக்கு மேல் கோபம்.

"என்னக்கா பண்றே? ஒருத்தர் வாயைத் திறந்துட்டு நாற்காலியில படுத்திருக்கார். வாசல்ல ஒன்பது பேர் நம்பர் வந்துடுச்சுன்னு சண்டை போடறாங்க!"

"நான் ஒண்ணுமே பண்ணலியேடா. இதைத் திறந்தேன், மூடினேன்."

"எங்கே, இன்னொரு தடவை திற."

திறந்தாள். டிங்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையுறையோடு தம்பி மவுஸைத் தொட முடியாதென்று, காலால் ஒரு பெடலை மிதித்துப் பக்கத்தைத் திறந்ததுமே அது அடுத்த எண்ணைக் கூப்பிடும்படி எழுதியவளே அவள்தான். டிசைனர் வெறும் படம் வரைந்து காட்டும் என்று நினைத்திருந்தாள். அதுவோ பாகத்தை நிஜமாகவே ஓட்டிப் பார்த்துத்தான் காட்டுமாம். ஓடியது, நோயாளியைக் கூப்பிட்டது, எந்த டாக்டர் அறைக்கு என்று தேடியது. டிசைனரில் டாக்டர் ஏது? அங்கே தடுக்கி விழுந்துதான் சாம்பல் கட்டம். போதாக்குறைக்கு, சோதனைக்கென்று பட்டியலுக்குத் தனிப் பிரதி வைக்காமல், டிசைனரை நிஜக் கிளினிக்கின் பட்டியலோடேயே இணைத்து வைத்திருந்தாள்.

"சோம்பேறித்தனம்டா. என் தப்புதான்" என்றாள்.

"தப்புதான்! சோதனை பண்ண என் பேஷண்ட்தான் கிடைச்சாங்களா? பத்து நிமிஷத்துல சரி பண்ணணும். சாக்குப்போக்கு எதுவும் வேணாம்."

இதுவரை ஒருமுறைகூட அவன் அவளை இப்படித் திட்டியதில்லை. முகம் சுண்டினாலும், விரல்கள் சுறுசுறுப்பாகிவிட்டன.

முதலில் சோதனைப் பிரதி ஒன்றை உருவாக்கி, டிசைனரை அதோடு இணைத்தாள். பிறகு மூன்றே வரி எழுதினாள்: டிசைனருக்குள் திறந்தால் யாரையும் கூப்பிடாதே, மாதிரி எண்ணை மட்டும் காட்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தாள். திரையில் ஏழு என்ற எண் பளிச்சென்று வந்தது. வெளியே சத்தமில்லை. எண்ணை இழுத்துப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கினாள். கூப்பிட்ட எண்களையும் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, தம்பியின் அறைக் கதவைத் தட்டிச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் காத்திருப்பு அறையிலிருந்து தம்பியின் குரல் கேட்டது.

"எல்லாரும் மன்னிக்கணும். எங்க ப்ரோகிராமர் ஒரு தப்பு பண்ணிட்டாங்க. அவங்களே கண்டுபிடிச்சுச் சரியும் பண்ணிட்டாங்க. நாளைக்குள்ள அவங்ககிட்ட இன்னும் ரெண்டு திருத்தம் கேட்டு வாங்கணும், அதுக்கப்புறம் இந்தத் தொந்தரவே இருக்காது."

பஞ்சுப் பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்தாள் ப்ரோகிராமர். குறை சொல்லும் முதலாளி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கண் கலங்கியது.