பின்வளவில் இருமல்

அகீல் மச்சான் தன்னுடைய சாரத்தைத் தானே தோய்க்கத் தொடங்கிய கிழமையில் உம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் ஆண்கள் உடுப்புத் தோய்ப்பதில்லை. மச்சான் மூதூர்க்காரர். என் ராத்தா, எனக்கு மூத்தவள் பஸ்மியாவைக் கலியாணம் முடித்துக் கிண்ணியாவில் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அதனால் அவர் எதைச் செய்தாலும் உம்மாவின் கண்ணுக்கு முன்னால்தான் செய்ய வேண்டும்.

அவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. கப்பல்களில் துருச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பது. எந்த ஊர்க் கப்பல், அதில் யார் யார் வருகிறார்கள் என்று உம்மா அடிக்கடி விசாரிக்கத் தொடங்கினார்.

அவருடைய சேர்ட் பையில் அந்த அட்டையைக் கண்டது நான்தான். அதில் பெயர் இல்லை, ஓர் இலக்கமும் திகதியும் மட்டும். பெயரில்லாமல் இலக்கம் மட்டும் போட்ட அட்டையைப் பாலியல் நோய்க் கிளினிக்கில்தான் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். யோசிக்காமல் ராத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வைத்த இடத்திலேயே வைத்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்தேன்.

ராத்தா கேட்டபோது அவர் மறைக்கவில்லை. சலக்கடுப்பு என்றார். சிறுநீர் போகும்போது நெருப்பாக எரிகிறது, சாரத்தில் கறை படுகிறது. கிருமியாம். மனைவியும் சேர்ந்து மருந்து குடிக்க வேண்டும், ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு, இருவரும் ஒன்றாகப் படுக்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னார். ராத்தாவுக்கு எரிவு ஒன்றும் இருக்கவில்லை. இருந்தும் குடித்தாள். கடுப்பு நின்றது.

ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. மச்சான் மறுபடி கிளினிக்குக்குப் போய்ச் சலம் கொடுத்துவிட்டு வந்தார். சோதினை முடிவை வாங்கப் போகவில்லை. பழைய மருந்து மட்டையைக் காட்டி ஒரு பாமசியில் அதே குளிசையை வாங்கிக் குடித்தார். நின்ற மாதிரி இருந்தது. மூன்றாம் தரமும் வந்தது.

“வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் மருந்து குடிச்சாச்சு,” என்றார் உம்மா. “அப்ப அது எந்த வாசலால வருது?”

மூதூரிலிருந்து மச்சானின் அக்கா றம்லா ராத்தாவோடு போனில் பேசியபோதுதான் அவள் அழுதாள். “என்ர தம்பியை மட்டும் ஏன் பாக்கிறீங்க? ஒங்கட பக்கத்தையும் பாருங்க,” என்று அந்த மனுசி சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு மச்சானும் ராத்தாவை ஒரு மாதிரிப் பார்ப்பது போல எனக்குப் பட்டது. சாப்பாட்டுக் கோப்பையை வைக்கும்போது இரண்டு பேருடைய கையும் படாது.

உம்மா என்னைக் காவலுக்கு வைத்தார். மச்சான் ஒவ்வொரு தொழுகைக்கு முன்னும் வீட்டுக்குப் பின்னால், பின்வளவுக் கக்கூசில் அரை மணித்தியாலம் நிற்பார். தண்ணீர் ஊற்றும் சத்தம் நிற்காது. பிறகு வெளியே வந்து மதிலோரமாக இங்கும் அங்கும் நடப்பார். மூன்று தரம் இருமுவார். மீண்டும் உள்ளே போவார்.

“மூண்டு தரம், புள்ள,” என்று உம்மா என் காதுக்குள் சொன்னார். “எண்ணிப் பாத்தனான். ஆருக்கு இருமுறார்?”

மதிலுக்கு அந்தப் பக்கம் நிப்லா சமைக்கிற குசினி. நிப்லா தையல் தைப்பவள், புருசன் தலாக் சொல்லி விட்டுப்போன ஆள். ஒரு நாள் பின்னேர அஸர் தொழுகைக்கு முன் மச்சான் இருமினார். அவளுடைய குசினி ஜன்னல் திறந்தது. நான் கண்டதை அப்படியே உம்மாவிடம் சொன்னேன். அடுத்த நாள் தைக்கக் கொடுத்திருந்த துணியை உம்மா அரைகுறையாகவே திருப்பி வாங்கினார். ஏன் என்று நிப்லா கேட்டதற்கு, சும்மா என்றார்.

அந்தக் கிழமை உம்மா ராத்தாவிடம் தீர்த்துச் சொன்னார்: மருமகன் மூதூருக்குப் போகட்டும். வீடு உன் பேரில் இருக்கிறது, நீ சொன்னால் அவர் போக வேண்டியதுதான். ராத்தா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு, கிளினிக்குக்குத் தானும் போவதாகவும் டொக்டரிடம் நேராகக் கேட்டுவிட்டு முடிவெடுப்பதாகவும் சொன்னாள். தனியாகக் கேட்கப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டாள்.

திருகோணமலையில் கிளினிக் அறை வாசலில் நான் தயங்கினேன்.

“வரட்டும்,” என்றார் மச்சான். “இவக்குத் தெரியாதது எங்கட வீட்டில என்ன இருக்கு.”

டொக்டர் ஜெயரூபி பைலைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் மச்சானைத்தான் ஏசினார். இரண்டாம் சோதினையின் முடிவு வந்து ஐந்து கிழமையாம். அதை எடுக்காமல் பாமசிக் குளிசை குடித்தது பெரிய பிழை என்றார்.

“கிருமி இல்லை,” என்றார். “முதல் தரம் இருந்தது. மருந்தோட போயிட்டுது. இண்டைக்கும் திரும்பப் பாப்பம். ஆனா இந்த முடிவில ஒண்டுமில்லை.”

“அப்ப ஏன் எரியுது?” ராத்தா கேட்டாள்.

அதைத்தான் தானும் கேட்கப் போவதாகச் சொல்லி, டொக்டர் மச்சானிடம் திரும்பினார். சலம் போன பிறகு என்ன செய்கிறீர்கள், எதால் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். மச்சான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் டொக்டரிடம் அவர் சொல்லமாட்டார். டொக்டர் இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்கவில்லை, பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார்.

நான் சொன்னேன். அரை மணித்தியாலம் நிற்பதை, நடப்பதை, மூன்று தரம் இருமுவதை. புண் கழுவும் மருந்துத் தண்ணீர் ஒரு போத்தல் ஒரு கிழமைக்குக்கூடக் காணாது என்பதையும் சொன்னேன்.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, டொக்டரைப் பார்க்காமல் சொன்னார். ஒரு சொட்டு மிஞ்சினாலும் தொழுகை கூடாதே என்ற பயம். முந்தி அந்தக் கறை பட்டதிலிருந்து மனம் நம்புவதில்லை. அதனால் நடந்து, இருமி, கையால் அமத்தி, கடைசிச் சொட்டு வரைக்கும் எடுப்பாராம். பிறகு மருந்துத் தண்ணீர். பிறகும் ஈரமாக இருக்கும். திரும்பவும் முதலில் இருந்து.

டொக்டர் சிரிக்கவில்லை. “அமத்த அமத்த உள்ளுக்குப் புண்படும். மருந்துத் தண்ணி அதை இன்னும் எரிக்கும். புண்ணிலயிருந்து ஈரம் கசியும். நீங்கள் அதைச் சலமெண்டு நினைச்சுத் திரும்ப அமத்துவீங்கள். இப்பிடியே போனா எந்த நாளும் மாறாது. ரெண்டு கிழமைக்கு வெறும் தண்ணி மட்டும். அமத்தக் கூடாது, பாக்கக் கூடாது. நல்லாத் தண்ணி குடியுங்கோ.”

“தொழுகை?” என்றார் மச்சான்.

ராத்தாதான் சொன்னாள்: “ஒருக்காக் கழுவினாப் போதும், மிச்சம் வஸ்வாஸ், அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால போகாதீங்க எண்டுதான் எங்களுக்கு மதரஸாவில சொல்லித் தந்தது. ஒங்களுக்குச் சொல்லித் தரல்லியா?”

எழும்பும்போது ராத்தா ஒன்று கேட்டாள். முதலில் இருந்த அந்தக் கிருமி யாரிடமிருந்து? அது சோதினையில் தெரியாது என்றார் டொக்டர். ஒன்றும் காட்டாமல் நெடுநாள் உடம்பில் கிடக்கவும் கூடும், அவருடையதிலும் கிடக்கலாம், உங்களுடையதிலும் கிடக்கலாம் என்றார்.

திருகோணமலையிலிருந்து மூதூர் போகிற பஸ் கிண்ணியாவால்தான் போகும். அதில் ஏறினோம். ராத்தா மூன்று கிண்ணியா டிக்கெட் கேட்டாள்.

“கிண்ணியா ரெண்டு, மூதூர் ஒண்டு,” என்று மச்சான் கொண்டக்டரிடம் திருத்திச் சொன்னார்.

வழியில் சீனன்குடாவின் கம்பி வேலி முடிந்தது. நான் அவர்களுக்குப் பின் சீற்றில் இருந்தேன்.

“இருமினது ஆருக்கெண்டு நினைச்சீங்க?” மச்சான் திரும்பாமல் கேட்டார்.

ராத்தா நிப்லாவின் பெயரைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“முதல் வந்த கிருமி?” என்றாள் ராத்தா.

“கட்டார்ல வேலைக்கு இருக்கக்குள்ள. ஒருக்கா. உன்னை முடிக்க முந்தி.”

“அதை நான் நம்ப வேணும்.”

“நம்பாட்டி விடு. இருமினாலும் எண்ணுற வீட்டில என்னால இருக்க ஏலாது.”

கிண்ணியாவில் பஸ் நின்றது. நான் எழும்பினேன். ராத்தா எழும்பவில்லை.

“நீ இறங்கு,” என்றாள் என்னிடம். “ரெண்டு கிழமைக்கு நான் மூதூர்ல எண்டு உம்மாவிட்டச் சொல்லு.”

மச்சான் அவளைப் பார்த்தார். பெண் போய் மாப்பிள்ளையின் வீட்டில் இருப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. “அங்க அக்கா இருக்கிறா,” என்றார். “என்ன கதைப்பா எண்டு தெரியும்தானே.”

“கதைக்கட்டும். எனக்கும் அவவிட்டக் கேக்க இருக்கு.”

ராத்தா அவரை நம்பிப் போகிறாளா, என்னுடைய காவலை இனித் தானே எடுத்துக்கொண்டு போகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. முகத்தைப் பார்த்தால் இரண்டும் போலத்தான் இருந்தது. மச்சான் ஜன்னல் பக்கம் ஒதுங்கி அவளுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டார். கொண்டக்டர் இறங்கச் சொல்லிச் சத்தம் போட்டான்.

நான் இறங்கினேன். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் வீதியில் நின்றேன். உம்மாவிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. அதற்கு முன் நிப்லாவின் கதவைத் தட்டி, துணியை ஏன் திருப்பி வாங்கினோம் என்று சொல்வதாக முடிவெடுத்து, வழமையாகப் போகிற தெருவை விட்டு அவளுடைய ஒழுங்கைக்குள் திரும்பினேன்.