மணல் நாட்டில் அட்டை

பல்லேகல தையல் பெக்டரிக்குப் போகிற வேலைக்காரர் பஸ்ஸில் சுந்தரிதான் புத்தகம் வாசிப்பாள். மடுல்கெல்லயில் ஏறும்போதே புத்தகம் மடியில் இருக்கும். வத்தேகமயில் ரபீகா ஏறி அருகில் உட்கார்ந்ததும் சத்தமாக வாசிக்கத் தொடங்குவாள். ஓடுகிற பஸ்ஸில் வாசித்தால் ரபீகாவுக்கு வாந்தி வரும். காதால் கேட்பதற்குத் தடையில்லை.

கதை நடப்பது ஒரு மணல் நாட்டில். தும்மினால் நெருப்புக் கக்கும் பறக்கும் ஒட்டகம். அதன்மேல் சோம்பல்ராயன் என்றொரு தடியன், அகப்பையாலேயே ஏழு பூதங்களை விளாசித் தள்ளுகிறான். கழுத்துக்குக் கத்தி வந்தாலும் அவன் முதலில் கேட்பது, “இன்றைக்கு என்ன கறி?”

அந்த இடம் வந்தாலே ரபீகா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். அவளுடைய தம்பி நஸீபும் வீட்டுக்குள் கால் வைத்ததும் ‘ராத்தா’ என்று அக்காவைக் கூப்பிட்டு அதைத்தான் கேட்பானாம். அவன் பைக் விபத்தில் போய் மூன்று மாதம். அதற்குப்பிறகு அவளைச் சிரிக்க வைத்தவன் இந்தச் சோம்பல்ராயன் ஒருவன்தான்.

ஞாயிறு பின்னேரம் பொறுக்கமாட்டாமல் சுந்தரி நாலு அத்தியாயம் முன்னால் ஓடிவிட்டாள். பாவி எழுத்தாளன்! கோட்டைக் கதவை ஒற்றை ஆளாக மூடிவிட்டுச் சோம்பல்ராயன் செத்துப்போகிறான். இதை எந்த வாயால் ரபீகாவுக்கு வாசிப்பது?

திங்கட்கிழமை அவள் புத்தகத்தைப் பார்த்தபடியே சொந்தமாக அளந்துவிட்டாள். சோம்பல்ராயன் பின்பக்கச் சதுப்பில் குதித்து, காலெல்லாம் சவுக்காரம் பூசிக்கொண்டு, அட்டைக்கடிக்குத் தப்பி வந்து சேர்ந்தான்.

“மணல் நாட்டுல அட்டை எங்கால வந்திச்சி?” என்றாள் ரபீகா.

“அது... மணல் அட்டை.”

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு ஆபத்தென்றால் வேறென்ன நினைவுக்கு வரும்! அவன் கறி கேட்ட இடமெல்லாம் ரபீகா வழக்கம்போலச் சிரித்தாள். செத்தவனை இழுத்துக்கொண்டு நாலு நாள் ஓட்டுவதற்குள் சுந்தரிக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கமும் முடிந்தது. புத்தகத்தை மூடினாள்.

“திங்கக்கெழம பகல் சாப்பாட்டு நேரம் ஒன்ட பேக்குல எடுத்துப் பாத்துட்டேன் புள்ள,” என்றாள் ரபீகா மெதுவாக. “கதையில அவன் மௌத்தாகிட்டான்.”

சுந்தரி அவள் பக்கம் திரும்பினாள். “தெரிஞ்சுமா நாலு நாளா சிரிச்ச?”

“நீ அவன சாக உடல்லயே. அதுக்குத்தான்.” ரபீகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் கொஞ்சம் செல்லு. அவன் ஊட்டுக்கு வாறான். வந்ததும் என்ன கேப்பான்?”

வாசிப்பதற்குப் பக்கம் இல்லை. சுந்தரி மூடிய புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

“‘ராத்தா, இன்னைக்கு என்ன கறி’ன்னு கேப்பான்.”

ரபீகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணீர் ஓடியது.

“மீன் கறின்னு செல்லு,” என்றாள்.