நாலு ஸ்பூன் சர்க்கரையும் ஒரு சல்யூட்டும்

இருபத்தாறு வருடம் எனக்கு மெமோ எழுதியே கை தேய்ந்த சூர்யநாராயணனை, நாலே ஸ்பூன் சர்க்கரையால் எமனிடமிருந்து பிடுங்கினேன்; போதாதென்று எனக்கு ஒரு சல்யூட்டும் அடிக்க வைத்தேன். இதை நம்புகிற ஆள் எங்கள் புனே பக்கத்துத் தேஹு ரோடில் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

ராணுவ ஆயுதக் கிடங்கில் அவர் மேலதிகாரி, நான் ஸ்டோர்கீப்பர். ரிட்டயரான பிறகு எதிரெதிர் வீடு. அவர் தனியாள். போன ஏகாதசியன்று காலை பதினோரு மணிக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தார். வேர்வையைப் பிழிந்தால் ஒரு பக்கெட் நிரம்பும்.

"மேஜர் சாப், கேட் பாஸ்ல கையெழுத்து வேணும்."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் மேஜர் யாருமில்லை.

"சார், நான் வாசுதேவன்."

"யெஸ் சர். கேட் பாஸ் சர்."

அவர் விளையாடுகிறாரா, நான்தான் மேஜராக இருந்ததை மறந்துவிட்டேனா என்று எனக்கே குழப்பம். ஆகுர்டியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி வைஜயந்திக்குப் போன் போட்டேன். முப்பது வருடம் வார்டுகளை மேய்த்த நர்ஸ் அவள்.

"குடிச்சிருக்காரோன்னு தோணறது."

"ஏகாதசியும் அதுவுமா அவரா? சுகர் மாத்திரை போட்டுண்டாரான்னு கேளுங்கோ."

கேட்டேன். "ஆர்டர்படி போட்டாச்சு சர்."

"விரதத்தையும் விடலை, மாத்திரையையும் விடலை. என் சுகர் மெஷின்ல அவர் விரலைக் குத்திப் பாருங்கோ."

நாற்பத்தெட்டு என்றேன்.

"சுகர் ரொம்ப இறங்கிடுத்து. முழுங்க முடியறதோல்லியோ? நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணில கரைச்சுக் குடுங்கோ. கால் மணி கழிச்சு மறுபடி பாருங்கோ. மயங்கிட்டா வாயில ஒண்ணும் ஊத்தாம ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ."

"சுகர் பேஷண்ட்டுக்குச் சர்க்கரையா?"

"வாதம் அப்புறம்."

சமையலறைக்கு நான் ஓடிய வேகத்தில் புனே லோக்கல் ரயில் வெட்கப்பட்டிருக்கும். டம்ளரை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டார். "ஏகாதசி சர்." தலை ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. வேறு வழி தெரியாமல் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"சூர்யநாராயணன், இது ஆர்டர். குடி."

விறைப்பாக ஒரு சல்யூட். குதிகால் தட்டிய சத்தத்துக்கு, எங்கேயோ இருக்கிற பாணேரில்கூடப் புறாக்கள் பறந்திருக்கும். ஒரே மூச்சில் குடித்தார்.

கால் மணியில் தொண்ணூற்றொன்று. கண் தெளிந்ததும், "ஓய், என் சட்டையை யார் திருப்பிப் போட்டது?" என்றார். விரதத்துக்கு ஆகுமே என்று சாபூதானா என்கிற ஜவ்வரிசிக் கிச்சடி கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"உமக்கு நான் சல்யூட்டா? புளுகும். எனக்கு ஒண்ணும் ஆகலை. வெயில்."

லோக்கல் பிடித்து வந்த வைஜயந்தி, மெஷினில் பதிவாகியிருந்த நாற்பத்தெட்டை அவரிடம் காட்டினாள். "மாத்திரை இன்னும் வேலை செய்யறது சார், மறுபடி இறங்கலாம். இப்பவே டாக்டர்ட்ட போகணும். அங்கேயும் ஒண்ணும் ஆகலைன்னு சொன்னேள்னா, அடுத்த ஏகாதசிக்கும் இதே கதைதான். அன்னிக்கு இவர் ஊர்ல இல்லேன்னா?"

என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டபோது அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார், மெமோ எழுதுகிற அதே பார்வை.

"நடந்தது டாக்டர். மாத்திரை போட்டுண்டு பட்டினி கிடந்தேன், புத்தி தடுமாறித்து." தொண்டையைச் செருமினார். "சல்யூட்டும் அடிச்சேன்."