சொர்ணலட்சுமி தூங்காத படம்

சொர்ணலட்சுமியிடம் ஒரு படம் தேற வேண்டுமென்றால் அவள் தூங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குச் சிவகாசி போவாள். ஆறு நாளும் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிய உடம்பு, ஏசி காற்று பட்டதும் சாய்ந்துவிடும். அதையும் மீறி அவளை நிமிர்ந்து உட்கார வைக்கிறவன்தான் நடிகன். திங்கட்கிழமை காலை ஏழாயிரம்பண்ணையிலிருந்து கிளம்பும் கம்பெனி வேனில் மற்ற பெண்கள் அவள் தீர்ப்புக்குக் காத்திருப்பார்கள். வேலை செய்யும் இடத்தில் செல்போனுக்கு அனுமதியில்லை, பொழுது போக வேண்டுமே.

போன வாரப் படத்தில் கதாநாயகன் காலேஜ் மாணவன். "தலைக்கு டை அடிச்சிருக்கான், சரி. மாடிப்படி ஏறும்போது முட்டியைப் பிடிச்சுக்கிட்டே ஏறுதான், பாவம்" என்றாள். அதற்கு முந்தின படத்தில், குடிசையில் கஞ்சி குடிக்கும் அம்மாவின் சேலையில் இஸ்திரி மடிப்பு அப்படியே நின்றதாம். இடைவேளைக்கு முன்பே இவள் குறட்டை விட்டுவிட்டாளாம்.

இந்தத் திங்கட்கிழமை அவளுக்குப் பேசவே பிடிக்கவில்லை. தீபாவளி சீசன் அலுப்பு ஒரு பக்கம், நேற்றுப் பார்த்த படம் இன்னொரு பக்கம். போஸ்டரில் கதாநாயகன் அரிவாளோடு நிற்பதைப் பார்த்து, சண்டைப் படம் என்று நம்பி, தம்பி பொண்டாட்டி பாண்டிமீனாவையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளே போனால் பட்டாசு ஆலை விபத்து. தம்பி காளீஸ்வரன் போன வருசம் ஆவணியில் அப்படித்தான் செத்தான். பாண்டிமீனா எழுந்து போகவும் இல்லை, அழவும் இல்லை. முழுப் படத்தையும் பார்த்தாள். சொர்ணலட்சுமிக்கும் தூக்கம் வரவில்லை.

வேனில் செல்லக்கனிதான் ஆரம்பித்தாள். அவளும் அதே படத்தைப் பார்த்திருந்தாள்.

"என்னா அழுகைங்கீக! வெடிச்சதும் நேரா ஓடி, புருசனை மடியில தூக்கிப் போட்டு மாரடிச்சா பாருங்க, தியேட்டரே அழுதுச்சு. பொண்டாட்டின்னா அவ பொண்டாட்டி."

கடைசிப் பேச்சு யாருக்கு என்று வேனில் எல்லோருக்கும் தெரியும். காளீஸ்வரன் செத்த அன்று பாண்டிமீனா அழவில்லை, கல்லாட்டம் நின்றாள் என்பது ஊர்ப் பேச்சு. விசேஷ வீட்டுப் பந்தியில் அவள் பக்கத்தில் உட்காரக்கூட ஆளில்லை. இப்போதும் பின் சீட்டில் தனியாகத்தான் இருந்தாள், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி.

"நீங்க சொல்லுங்கக்கா, நடிப்பு எப்படி?" என்றாள் செல்லக்கனி.

சொர்ணலட்சுமிக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இவர்களோடுதான் தினமும் போய்வர வேண்டும். ஆனால் வாயை மூடிக்கொண்டால் அதுவும் தீர்ப்புதான். அதுவும் செத்தவனுடைய அக்காவின் தீர்ப்பு.

"அழுகை நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நேரா ஓடி அவனைத் தூக்குனாள்ல, அங்கனதான் படம் படுத்துருச்சு. கருகிக் கிடக்கதுல எது தன் புருசன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? நாம முதல்ல எதைப் பாப்போம், செல்லக்கனி?"

செல்லக்கனியின் முகம் மாறியது. வெடிமருந்து இருக்கும் அறைக்குள் வெறுங்காலோடுதான் போக வேண்டும். வெடித்துவிட்டால், ஓடி வருகிற சனம் வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்றுதான் தேடும்.

"செருப்பை" என்றாள் மெதுவாக.

"அதை அந்த நடிகைக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. மீனா அன்னைக்குச் செருப்புக்கிட்டதான் நின்னா, நான் பாத்தேன். அந்த நடிகை மாதிரி இவளுக்கு நடிக்கத் தெரியலை, அம்புட்டுதான்."



"ஒத்தச் செருப்புதான் கிடந்துச்சு, மதினி" என்றாள் பாண்டிமீனா. எல்லோரும் திரும்பினார்கள். "வாரு அந்து போயி, நான் நூல் போட்டுத் தச்ச செருப்பு. இன்னொண்ணைக் காணலை. அதை மாட்டிக்கிட்டு எங்கனயாவது ஓடியிருப்பாகன்னு நின்னேன். பொழுது சாஞ்ச பெறவுதான் அது வேலியோரத்துல கிடைச்சுச்சு, வெடி தூக்கி வீசியிருக்கு. அப்போ நீங்க எல்லாரும் அழுது முடிச்சிருந்தீக."

வேன் மண்பாதையில் இறங்கிக் குலுங்கியது.  அன்று எல்லோருக்கும் முன்பே அழுதவள் சொர்ணலட்சுமிதான். ஒற்றைச் செருப்பைப் பார்த்ததுமே, தம்பி போய்விட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.