டாங்கில் இருந்த சரி

திருவொற்றியூரில், ரயில்வே லைனுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஒரு தெருவில், பீங்கான் கடை மஜீது பாய் வீட்டுப் பழைய புல்வெட்டும் மெஷினின் பெட்ரோல் டாங்கைத் திறந்தபோது, அதிலிருந்து ஒன்பது வருஷத்துப் பேச்சு மூன்றே முக்கால் மணி நேரம் வெளியே வந்தது. நடுவில் படகு மெக்கானிக் ஸ்டானிஸ்லாஸ் கட்டைவிரலால் அடைத்து வைத்திருந்த ஒரு மணி பத்து நிமிடத்தைச் சேர்க்காமல் சொல்கிறேன். ஒன்பது வருஷத்துப் பேச்சு இவ்வளவுதானா என்று சிலர் கேட்கிறார்கள். பெட்ரோலில் ஊறிய பேச்சு, சுண்டக் காய்ச்சிய பால் மாதிரி கெட்டியாகி அளவில் குறைந்துவிடும். அன்று வியாழக்கிழமை. காசிமேட்டில் வஞ்சிரம் கிலோ ஆயிரத்து நூறு.

இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் புல்தரை இருக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. உப்புக் காற்றும் கரித்தூளும் சேர்ந்து முருங்கையையே மூச்சுத் திணறடிக்கிற ஊர் இது. மஜீது ராயபுரத்தில் பீங்கான் கப்பு, சாசர் மொத்த வியாபாரம் செய்கிறவர். ஒரு தடவை கன்டெய்னரில் வந்த சரக்கில் பாதி உடைந்திருந்தது. உடையாததை எடுத்துக்கொண்டு, பெட்டிக்குள் அடைத்திருந்த வைக்கோலை வீட்டுக் கொல்லையில் கொட்டினார். எட்டாம் நாள் கொல்லை முழுக்கப் பச்சை. அந்தப் புல் உப்பைக் குடித்தது, கரியைத் தின்றது, ஒரு நாளைக்கு இரண்டு விரல்கடை வளர்ந்தது. பக்ரீத்துக்கு வாங்கிக் கட்டிய ஆடு அதற்குள் காணாமல் போய், நாலு நாள் கழித்து, தானாகவே வாசலுக்கு வந்தபோது இரண்டு மடங்கு கொழுத்திருந்தது. மஜீதுக்குப் பெருமை தாங்கவில்லை. எண்ணூர் வரைக்கும் போய்த் தேடினாலும் இப்படி ஒரு புல்தரை கிடைக்காது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 2016ல் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணும் சிவப்பு மெஷின் ஒன்றை வாங்கினார்.

அது போடும் சத்தத்தில் தெருக்கோடியில் தூங்கும் நாய் எழுந்து போய்விடும். தினமும் காலை ஏழு மணியிலிருந்து எட்டு வரை வெட்டுவார். எட்டரைக்குக் கடைக்குக் கிளம்பினால் வீட்டுக்கு வரும்போது பாதித் தூக்கத்தில்தான் வருவார். ஆக, மனுஷன் வீட்டில் விழித்திருப்பது அந்த ஒரு மணி நேரம் மட்டுமே. சிலிண்டர் தீர்ந்தது, மாமியார் வீட்டில் கல்யாணம், குழாயில் தண்ணீர் வரவில்லை, எதுவானாலும் அந்த ஒரு மணி நேரத்தில் சொன்னால்தான் உண்டு. அவர் மனைவி அஜீசா சமையலறை வாசலில் நின்று சொல்லுவார். மஜீது மெஷினைத் தள்ளிக்கொண்டே தலையை ஆட்டி, "சரி, சரி" என்பார். லாரியும் ரயிலும் சங்கும் சேர்ந்து இரையும் ஊர் இது. பாதி கேட்டால் தலையாட்டுவது, ஒன்றுமே கேட்காவிட்டால் இன்னும் பலமாகத் தலையாட்டுவது, இது இங்கே எல்லோருக்கும் உள்ள பழக்கம். மஜீதை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆனால் வினை அந்தத் தலையாட்டலில்தான் வந்தது. 2018 ஜூனில் அவர்களுடைய ஒரே மகள் ஹஃப்சா கோயம்புத்தூருக்கு எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிக்கப் போனாள். இரண்டாம் நாள்தான் மஜீதுக்கு விஷயம் உறைத்தது. யாரைக் கேட்டுப் போனாள் என்றார். உங்களைக் கேட்டுத்தான், நீங்கள் சரி என்றீர்கள் என்றாள் மகள் போனில். நான் சொல்லவே இல்லை என்றார் அவர். படிப்பு அவருக்குப் பிரச்சினை இல்லை. ராயபுரத்தில் முப்பது வருஷம் வெறும் வாய் வார்த்தையில் வியாபாரம் செய்தவர் அவர். சொல்லாத வார்த்தையைச் சொன்னதாக மகளே சொல்கிறாளே என்று மனசு வெந்துபோனது. பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ளும் வரை பேச மாட்டேன் என்றார். சொல்லாத பொய்யை எப்படி ஒத்துக்கொள்வது என்றாள் அவள். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே அச்சு. ஏழு வருஷம் ஓடிவிட்டது. அவள் படித்து முடித்து ஓசூரில் வேலைக்குப் போய், பெருநாளுக்கு வந்து, ஒரே தஸ்தர்கான் விரிப்பில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டும், உப்பு வேண்டுமென்றால்கூட அஜீசா வழியாகத்தான் கேட்டார்கள்.

இப்போது ஹஃப்சாவுக்குத் தண்டையார்பேட்டை தௌசீஃபோடு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. அடுத்த ஞாயிறு மண்டபம். பெண்ணின் பொறுப்பாளராகத் தகப்பன் உட்கார்ந்து சம்மதம் சொல்ல வேண்டும். பொய்யை ஒத்துக்கொள்ளட்டும், வந்து உட்காருகிறேன் என்றார் மஜீது. சித்தப்பாவை வைத்து முடித்துவிடலாம் என்று ஜமாஅத்தில் நல்ல மனதோடு யோசனை சொன்னார்கள். அத்தா சொல்லாமல் எனக்கு நிக்காஹே வேண்டாம் என்று ஓசூரிலிருந்து பதில் வந்தது. அஜீசா அந்த மாதம் ஆறு கிலோ இளைத்தார்.

இதற்கிடையில் மெஷின் வேறு கனத்துக்கொண்டே வந்தது. வாங்கியபோது ஒரு கையால் தூக்கியதை, மூன்றாம் வருஷம் இரண்டு பேர் தூக்கினார்கள். இந்த வருஷம் தூக்கவே நாலு ஆள் வேண்டியிருந்தது. துரு ஏறிவிட்டது, கடல் காத்து என்றார் மஜீது. இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வெட்டாமல் விட்டதில் புல் ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து ஃபிரிட்ஜைத் தொட்டது. பொறுத்துப் பார்த்த அஜீசா, கணவரிடம் கேட்காமல், பேட்டரியில் ஓடும் பச்சை மெஷின் ஒன்றை வரவழைத்துவிட்டார். கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார், அது வேறு விஷயம்.

அந்த வியாழக்கிழமைக் காலையை அந்தத் தெரு மறக்காது. ராத்திரி முழுக்க மிக்ஸிக்குப் பக்கத்துப் பிளக்கில் சார்ஜ் ஏறிய பேட்டரியை அஜீசாவே மாட்டினார். மஜீது பழக்கதோஷத்தில் இல்லாத கயிற்றைத் தேடிக் காற்றை இழுத்தார். பொத்தானை அமுக்கியதும் அது ஓடியது. சத்தம் என்று சொன்னால் டேபிள் ஃபேன் அளவு. புகை கிடையாது. பக்கத்து வீட்டு ரோசி மதில்மேல் ஏறி உட்கார்ந்து, "பாயே, ஓடுதா நின்னுச்சா?" என்று கேட்க, அது மஜீதுக்குத் தெளிவாகக் கேட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கொல்லையில் காக்கை கத்துவது காக்கை கத்துவதாகவே கேட்டது. மஜீதுக்குக் குஷி பிறந்துவிட்டது. சின்னப் பையன் மாதிரி இரண்டு சுற்று கூடுதலாகத் தள்ளினார். அப்போது சமையலறையிலிருந்து, "டீ ஆறுது" என்று ஒரு குரல் வர, துள்ளிக் குதித்தார்.

"இன்னாத்துக்கு இப்டி கத்துற?"

"எப்பவும் பேசற மாதிரிதாங்க பேசுறேன்," என்றார் அஜீசா. அவருக்கே அழுகை வந்துவிடும்போல இருந்தது.

மஜீது கடைக்குக் கிளம்பிப் போனதும், காசிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கும் ஸ்டானிஸ்லாஸ் பழைய மெஷினை எடுத்துப்போக வந்தார். கனமாக இருந்ததால் முதலில் பெட்ரோலை வடித்துவிடலாமென்று டாங்கின் அடியில் இருந்த குழாயைப் பிடுங்கினார். பெட்ரோல் ஒரு சொட்டு வந்தது. அதற்குப் பின்னால், "சிலிண்டர் தீந்து போச்சுங்க" என்று அஜீசாவின் குரல் வந்தது. அஜீசா பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார். அது முந்தின வாரம் சொன்னது. அதைத் தொடர்ந்து அதற்கு முந்தின வாரத்துப் பேச்சு வந்தது. மேலே இருந்ததுதான் முதலில் வந்தது என்று ஸ்டானிஸ்லாஸ் பிற்பாடு விளக்கினார். இன்ஜின் பார்க்கிறவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

தெருவே கூடிவிட்டது. டீ ஆறுது என்பது மட்டும் ஆயிரக்கணக்கில் வந்தது. மஜீதின் சரி சரி அதைவிட அதிகம். ரோசி இரண்டு வருஷத்துக்கு முன் மஜீதின் முகத்துக்கு நேராகவே சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு வசவு வந்தது. அதற்கும் அவர் சரி என்றிருந்தார். ரோசி மதிலிலிருந்து இறங்கிக்கொண்டாள். நடுவே அஜீசா யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் சொன்னவையும் வந்தன. "ஒரு நாளாச்சும் என்னைய பீச்சுக்கு இட்டுகினு போனா இன்னா கொறஞ்சிடும் ஒனக்கு" என்று வந்தபோது கூட்டம் தரையைப் பார்த்தது. வந்த வார்த்தை ஒரு தரம் ஒலித்ததும் ஆவியாகிப் போனது. போனில் பிடித்தவர்களுக்குக் காக்கைச் சத்தம் மட்டுமே பதிவாகியிருந்தது. 2020ஆம் வருஷம் முகக்கவசத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி மங்கலாக வந்து போனது. அஜீசா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பத்தொன்பது போனது. 2018 நவம்பர் மழை போனது. ஆகஸ்ட் போனது. ஜூலையில் அஜீசாவே அழும் குரல் வந்ததும் அவர் எண்ணுவதை விட்டுவிட்டுக் கத்தினார்.

"யப்பா ஸ்டானிஸ்லாஸ், அடைப்பா! அடுத்தது அதுதான்! அவரு வரணும்!"

ஸ்டானிஸ்லாஸ் குழாய் வாயில் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். அஜீசா கடைக்குப் போன் போட்டார். "நீங்க சொன்ன சொல்லு ஒண்ணு இங்க டாங்குல கீது. ஆவியாவறதுக்குள்ள வந்து கேட்டுக்குங்க. வரலேன்னா ஞாயித்துக்கெழம நானும் மண்டபத்துக்கு வர மாட்டேன்." மஜீது போனைப் பார்த்தார், கடையைப் பார்த்தார், ஷேர் ஆட்டோவில் ஏறினார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அன்றைக்கும் வழியை மறித்து நின்றன. டோல்கேட்டில் இறங்கி, அறுபது வயசில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் ஸ்டானிஸ்லாஸின் விரல் நீலம் பாய்ந்துவிட்டது. உள்ளிருந்து வார்த்தை முட்டுவது முழங்கை வரை தெரிகிறது என்றார். ரோசி அவர் வாயில் தண்ணீர் ஊற்றினாள். "வுட்றாத மாமு, வுட்றாத" என்று தெரு கத்திக்கொண்டிருந்தது.

மஜீது வந்து மூச்சு வாங்கியபடி நின்றார். ஸ்டானிஸ்லாஸ் விரலை எடுத்தார்.

பதில்தான் முதலில் வந்தது. மஜீதின் குரல், தெளிவாக: "சரிம்மா, சரி, சரி."

"இது எதுக்கு சொன்னதோ!" என்றார் மஜீது. "டீக்கு சொல்லிருப்பேன்." ஆனால் குரல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

அப்புறம் பதினெட்டு வயது ஹஃப்சாவின் குரல் வந்தது. "நீங்க வேணாம்னா நான் போவ மாட்டேன் அத்தா." அதற்கு முந்தினது அடுத்து வந்தது. "கோயம்புத்தூர்ல சீட்டு கெடச்சிக்கீது. ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும். போவட்டுமா?" அதற்கும் முந்தினது, மெதுவாக, ஒவ்வொன்றாக: "அத்தா." "அத்தா." "அத்தா." "அத்தா."

நாலு தடவை. மஜீது புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மீதி இரண்டு வருஷத்துப் பேச்சு வந்துகொண்டே இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அஜீசாவிடம் கையை நீட்டினார். அஜீசா நம்பரைப் போட்டுப் போனைக் கொடுத்தார். எடுத்ததுமே அந்தப் பக்கம் ஹஃப்சா பேசிவிட்டாள், இருந்தாலும் அவர் ஏழு வருஷப் பாக்கி மாதிரி நாலு தடவை கூப்பிட்டார். "ஹஃப்சா. ஹஃப்சா. ஹஃப்சா. ஹஃப்சா."

"இன்னா அத்தா?"

"எனக்குக் கேக்கலம்மா," என்றார். "நீ பொய் சொல்லல. எனக்குத்தான் கேக்கல."

காலி டாங்கை ஸ்டானிஸ்லாஸ் ஒரு கையில் தொங்கவிட்டபடி எடுத்துப் போனார். அந்த வாரம் தெருவில் இன்னும் மூன்று பேர் ஜெனரேட்டரை விட்டுப் பேட்டரிக்கு மாறினார்கள். அவர்களும் டாங்கைத் திறக்கப் பயந்து, கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் போய்விட்டு வந்து திறந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மஜீது அஜீசாவை பீச்சுக்குக் கூட்டிப் போனார். ஸ்டானிஸ்லாஸ் கட்டைவிரலைக் காதில் வைத்தால் இன்றைக்கும் டீ ஆறுது என்று கேட்கும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நேரத்துக்கு டீ குடிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் சரியாக நிக்காஹ் நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டார்கள். நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஜ்ரத் சம்மதம் கேட்டார். மஜீது வாயைத் திறந்தவர், கையைக் காட்டிவிட்டு எழுந்து, பின்வாசல் வரை நடந்துபோய் ஜெனரேட்டரைத் தன் கையாலேயே அணைத்தார். அறுநூறு பேர் ஃபேன் இல்லாமல் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஹஜ்ரத்கூடக் கேட்கவில்லை, கைக்குட்டையால் விசிறிக்கொண்டு காத்திருந்தார். மஜீது திரும்பி வந்து உட்கார்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, சம்மதம் என்றார். பிறகு திரை கட்டிய பெண்கள் பக்கம் திரும்பி, கேட்டதா என்று விசாரித்தார்.

"கேட்டுச்சு அத்தா," என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அதற்கு அப்புறம்தான் ஜெனரேட்டரைப் போடவிட்டார்.