முள்ளம்பன்றியின் முகம்

சட்டையின் வலது கைமுனையில் இருந்த கரித்தடத்தை மகள் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போவேனா பார் என்றது கறை. அப்பாவின் எல்லாச் சட்டைகளிலும் அதே இடத்தில் அதே கறை. பென்சில் பிடித்த கை தாளின் மேல் ஊர்ந்து ஊர்ந்து ஆயுள் முழுக்க ஏற்றிய கறை. இருப்பதில் இந்த ஒரு சட்டைதான் தேவலை. சாயங்காலம் அப்பாவை அஞ்சலி மண்டபத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்துவிடும். அதற்குள் இதைக் காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்பாவுக்கு மாட்டியாக வேண்டும்.

"அம்மா, இது போகவே மாட்டேங்குது. என்ன செய்யறது?"

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா சட்டையைப் பார்த்தாள். "பரவாயில்லம்மா. உனக்கு எது வசதியோ அப்படிச் செய்" என்றாள்.

அம்மா பேசுகிற பேச்சா இது? ஊறவைக்காமல் தேய்த்தால் எந்தக் கறைடி போகும், இதைக்கூடவா நான் செத்துப்போனப்புறம் வந்து சொல்லித்தரணும் என்று கேட்டிருக்க வேண்டாமா? நேற்று விடியற்காலை அப்பா தூக்கத்திலேயே போனதிலிருந்து அம்மா ஒருவரையும் திட்டவில்லை. அழவும் இல்லை. வந்தவர்களை வாங்க என்கிறாள், உட்காருங்க என்கிறாள், ஆறுதல் சொன்னால் சரிங்க என்கிறாள். யாரோ ஒருவர் செருப்புக் காலோடு முன்னறை வரை நடந்து வந்தார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

காதுக்கருவி பொருத்துகிற கடையில் மகளுக்கு வேலை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காது கேட்கவில்லையா, கேட்க மனமில்லையா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. பதிலும் வந்தது. ஆனால் அதில் அம்மா இல்லை. இதே மரியாதையோடு அப்பாவை அனுப்பிவிட்டு, மிச்சமிருக்கும் காலத்தையும் இதே மரியாதையோடு ஓட்டிவிடுவாளோ என்றுதான் மகளுக்குப் பயம். அப்பா போனது துக்கம். அம்மாவும் கூடவே போய்விட்டால் அவள் யாரிடம் போய் நிற்பாள்?

மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. துக்க வீட்டில் நாற்காலி போடுவதிலிருந்து தண்ணீர் பாட்டில் அடுக்குவது வரை எல்லாம் அவர்தான். வாய் மட்டும் கல்யாண வீட்டு வாய்.

"மண்டபத்துல நீ நாலு வார்த்தை பேசணும்மா. அத்தானோட வேலை பார்த்தவங்க நிறையப் பேர் வர்றாங்க. அந்த முள்ளம்பன்றிக் கதையச் சொல்லிடு. எல்லாரும் கொஞ்சம் சிரிக்கட்டும். அத்தானுக்கும் அதான் பிடிக்கும்."

"பார்க்கலாம் மாமா."

"பார்க்க என்ன இருக்கு? நம்ம படைத்தலைவியே எதிர்ல உக்காந்திருக்கா. என்னக்கா?"

அம்மா "சரிப்பா" என்றாள். மாமாவின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. அவர் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

அப்பாவுக்குக் கார்ட்டூன் படம் வரைகிற வேலை. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் அவருடைய கம்பெனி ஒரு முழுநீளப் படம் எடுத்தது. ஒரு குன்று. குன்றைச் சீவி வீடு கட்ட மனிதர்கள் வருகிறார்கள். குன்றில் இருக்கும் விலங்குகள் கூட்டம் போடுகின்றன. நரி, பேசிப் பார்ப்போம் என்கிறது. முயல்கள், வேறு இடம் தேடுவோம் என்கின்றன. முள்ளம்பன்றி மட்டும், ஓர் அடி நகர மாட்டேன் என்கிறது. படை திரட்டுகிறது. லாரி டயர்களில் முள்ளேற்றுகிறது. படம் முழுக்க அது போட்ட கூச்சலில் தியேட்டரில் குழந்தைகள் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தின. கடைசியில் படை கரைந்து, ஒவ்வொன்றாக எல்லாம் போய்விட, அது தனியாக இயந்திரங்களை நோக்கி இறங்கும். இறங்குவதற்கு முன் ஒரு முறை குன்றைத் திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான். அதற்கப்புறம் வருவது தார்ச்சாலை.

அந்த முள்ளம்பன்றியை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார்கள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் அப்பா. பேருந்தில் காலை மிதித்தவனிடம் மன்னிப்புக் கேட்டவர். அவர் எங்கே போவார் கோபத்துக்கு? முள்ளம்பன்றிக்கு முகம் என்று ஒன்று இருந்தால்தானே, ஒரு மூக்கும் ரெண்டு மணிக்கண்ணும்தான் என்று புலம்பிக்கொண்டே வீட்டுக்கு வருவார். வந்ததும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே உட்காருவார்.

"கொஞ்சம் திட்டேன்."

"எதுக்கு?"

"சும்மாதான். வேலைக்கு."

"வேலை வெட்டி இல்லாம நானா உக்காந்திருக்கேன்? அடுப்புல ஒண்ணு கொதிக்குது, குழந்தைக்குத் தலை பின்னல, நீங்க என்னடான்னா…"

"அப்படித்தான், அப்படித்தான். அந்த மூக்கு விடைச்சுது பார், இன்னொரு தடவை."

அம்மாவுக்கு அப்போது உண்மையிலேயே கோபம் வந்துவிடும். கரண்டி பறக்கும். அப்பா குனிந்துகொண்டே வரைவார். மகள் பாதி பின்னலோடு நடுவில் நின்று விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த வீடு அப்படிச் சிரித்த மாதிரி அதற்கப்புறம் சிரித்ததில்லை. படம் வந்ததும், மூக்குக்கு மேல் கோபம் வருகிற அம்மாவுக்குப் படைத்தலைவி என்ற பெயர் நிலைத்தது. கல்யாணம் காட்சி எதிலும் இந்தக் கதை இல்லாமல் பந்தி முடிந்ததில்லை. அம்மாவும் விட்டுக்கொடுக்காமல், நான் இல்லேன்னா இவருக்கு ஏது படம் என்பாள். அப்பா தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

மதியத்துக்கு மேல் கலர் அத்தை வந்தாள். அப்பா வரைந்ததைக் கண்ணாடித்தாளில் ஏற்றி வண்ணம் பூசியவள். மகள் சின்ன வயதில் வைத்த பெயர், அவளுக்கும் பழகிவிட்டது. முன்னறையில் அப்பா பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள். ஈரச் சட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இந்தக் கறைய ஏம்மா போக்கறே? இது இல்லேன்னா அண்ணன் மாதிரியே இருக்காது. அப்படியே போடு."

மகளுக்கும் அதுதான் சரி என்று பட்டது. இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். "அத்தை, மண்டபத்துல பேசச் சொல்றாங்க. முள்ளம்பன்றி கடைசியா ஒரு பார்வை பார்க்குமே, அது அம்மா எதுக்குத் திட்டினப்போ வரைஞ்சது? ஞாபகம் இருக்கா?"

கலர் அத்தை அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. வீட்டுல வரைஞ்சது ஒண்ணுகூடப் படத்துல இல்லம்மா. எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயிடுச்சு. டைரக்டர் பார்த்துட்டு, நல்லாருக்கு, ஆனா இது வீட்டுக்குள்ள போடற சண்டை, எனக்கு வீடு போனவன் கோபம் வேணும்னாரு. மறுநாள்லேர்ந்து மத்தியானம் நாங்க எல்லாம் சாப்பிடப் போனதும் அண்ணன் மட்டும் மேஜையிலேயே இருப்பாரு. எல்லார் மேஜையிலயும் ஒரு முகம் பார்க்கற கண்ணாடி இருக்கும், எங்க தொழில்ல அது வழக்கம், தன் மூஞ்சியப் பார்த்துத்தான் வரையறது. அதுல வந்ததுதான் அந்தப் பார்வை. பார்த்ததும் எனக்குக் கலர் எடுக்கக் கை வரல."

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இத்தனை வருஷம் பந்திக்குப் பந்தி அரைத்த கதை வேறு யாருடையதோ என்றால் எப்படி இருக்கும்? "அப்ப அது அம்மா இல்லையா?"

அந்த நேரம் பார்த்து மாமா வாசற்படியில் வந்து நின்றார். வந்தவர்கள் காலையிலிருந்து முன்னறையில் சொல்லிக்கொண்டிருந்ததையே அவரும் சொன்னார்.

"எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்றாங்கக்கா. கோபம்னா என்னன்னே தெரியாத மனுஷன்னு. சாது மிரண்டா காடு கொள்ளாதும்பாங்க. இவர் கடைசி வரைக்கும் மிரளவே இல்லையே."

"மிரண்டாரு" என்றாள் அம்மா.

"என்னக்கா?"

"உன் தலை. வாசல்ல செருப்பெல்லாம் சிதறிக் கிடக்கு, வர்றவங்க தடுக்கி விழட்டும்னு விட்டுட்டு இங்க வந்து பழமொழி சொல்றியா? போய் ஒதுக்கு."

மாமா போனார். போகிற நடையில் ஒரு நிம்மதி தெரிந்தது. மகள் நகராமல் நின்றாள். நகர்ந்தால் அம்மா நிறுத்திவிடுவாள் என்று இருந்தது.

அம்மா மேஜையைப் பார்த்துப் பேசினாள். "ஒருநாள் மனுஷன் சாப்பாட்டை வெச்சிட்டுப் போயிட்டாரேன்னு கேரியரைத் தூக்கிட்டு நானே போனேன். கதவுல கண்ணாடி. உள்ள இவர் மட்டும்தான் இருந்தாரு. கண்ணாடியப் பார்த்துப் பல்லக் கடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி கொட்டுது, கை பாட்டுக்கு வரைஞ்சுக்கிட்டே இருக்கு. அந்த மூஞ்சியோட நான் குடும்பம் நடத்தினதே இல்ல. உள்ள போக எனக்குப் பயமா இருந்துச்சு. திரும்பி வந்துட்டேன். வழியில ஒரு பெஞ்சுல உக்காந்து அந்தச் சாப்பாட்டை நானே தின்னுட்டேன், வீணாப்போகுமேன்னு."

கலர் அத்தை சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள்.

"அன்னைக்கு ராத்திரி அவரே சொன்னாரு. சின்ன வயசுல இவங்க இருந்த வரிசை வீட்டையெல்லாம் இடிச்சிருக்காங்க. இவங்கப்பா இடிக்க வந்தவங்களுக்கே குடிக்கத் தண்ணி கொடுத்தாராம். அவங்க வேலைய அவங்க செய்யறாங்கன்னாராம். இவர் பார்த்துக்கிட்டே நின்னிருக்காரு. அன்னைக்கு உள்ள போனது உள்ளயே கிடந்திருக்கு. இது என்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரிய வேண்டாம், குழந்தைக்குத் தெரியவே வேண்டாம், என்னைப் பார்த்துப் பயந்துடும்னாரு."

"தியேட்டர்ல யாரும் கண்டுபிடிக்கலயா?" என்றாள் மகள்.

"தியேட்டர்ல அந்தப் பார்வை வந்ததும் என் கையப் பிடிச்சாரு பாரு, எலும்பு நொறுங்கற மாதிரி. பின்னாடி சீட்டுலேர்ந்து உங்க மாமன் கத்தறான், அக்கா இது நீயேதான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும், பின்ன வேற யாரு மூஞ்சிடான்னேன். அப்பத்தான் இவர் மூச்சு விட்டாரு."

அன்றிலிருந்து அந்த முகத்தை அம்மாதான் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஒவ்வொரு பந்தியிலும், ஒவ்வொரு கேலியிலும். காலையிலிருந்து ஊரே அப்பாவைச் சாது என்று சொல்லச் சொல்ல, அவரை அறிந்த ஒரே ஆள் வாயை மூடிக்கொண்டு சரிங்க சரிங்க என்று உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு இப்போது புரிந்தது. புரிந்ததும் அம்மாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மண்டபத்துல உண்மையச் சொல்லிடட்டுமாம்மா?"

"எனக்குத் தெரியலடி" என்றாள் அம்மா. "மூடி வெச்சே பழகிட்டேன். நீயே பார்த்துக்கோ."

அந்த 'டி' ஒன்று போதும் என்று இருந்தது மகளுக்கு. எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.

மண்டபத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. வயதான கைகள், பென்சில் பிடித்துப் பிடித்து விரல் கோணிப்போன கைகள், ஒன்றையொன்று பற்றி நலம் விசாரித்தன. முன்னால் அப்பா படுத்திருந்தார். மாமா சைகை காட்டவும் மகள் ஒலிபெருக்கி முன் போய் நின்றாள். நடந்து போகும்வரைகூட என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. உண்மை நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் மண்டபமே அப்பாவைப் புதிதாகப் பார்க்கும். அப்பா பயந்தது அதற்குத்தானே, அதைத் தடுக்கத்தானே அம்மா இத்தனை வருஷம் பேச்சு வாங்கினாள்? அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவுக்குக் கோபப்படவே தெரியாது" என்று ஆரம்பித்தாள் மகள். "அதனால வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்டக் கடன் வாங்கினாரு."

அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கொஞ்சம் திட்டேன் என்றதை, விடைத்த மூக்கை, பறந்த கரண்டியை. கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே குலுங்கினார்கள். "முள்ளம்பன்றி அச்சு அசல் எங்கம்மாதான். வேணும்னா இப்பப் பாருங்க" என்று முடித்தாள்.

"எம்மூஞ்சிக்கு என்னடி குறைச்சல்? போதும், வந்து உக்காரு" என்றாள் அம்மா, ஒலிபெருக்கி இல்லாமலே மண்டபத்துக்குக் கேட்கும்படி. சிரிப்பு இரட்டிப்பானது. கலர் அத்தை மட்டும் தலை குனிந்திருந்தாள்.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்தவர் எழுந்து பேசப் போனார். அம்மா அவள் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல், காதோடு சொன்னாள்.

"அன்னைக்கு இடிச்சப்போ அவர் கையில ஒரு கல்லு இருந்துச்சாம். எறியலயாம். கீழயும் போடலயாம். ராத்திரி தூங்கினப்புறம்தான் அவங்கம்மா விரலப் பிரிச்சு எடுத்தாங்களாம்."

சொல்லிவிட்டு அம்மா நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. மடியில் அவளுடைய வலது கை இறுக மூடியிருந்தது. மகள் அதைத் திறந்து பார்க்கப் போகவில்லை. தன் கையை அதன் மேல் வைத்து மூடிக்கொண்டாள்.